கண்ணாடித் தம்ளருக்குள் ஒரு நீரோட்டம்

கடலைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் முதலில் கைக்கு வருவது தாளும் பசையும்தான். நீலம் தீட்டிய தாளில் காகித மீன் ஒட்டுவோம், எட்டுக் கை ஆக்டோபஸ் வரைவோம். கத்தரிப்பதும் ஒட்டுவதும் பிஞ்சு விரல்களுக்கு நல்ல பயிற்சி, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடல் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் கை வைக்க வேண்டும். பூமியின் பரப்பில் 71 சதவீதத்தை மூடிக்கொண்டு, சராசரியாகச் சுமார் 3,700 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்த நீரை உள்ளுக்குள் ஓடவைக்கும் காரணங்களில் முக்கியமான ஒன்றை இரண்டு தம்ளர் தண்ணீரிலேயே காட்டிவிடலாம். ஒரே அளவு தண்ணீர்தான், ஆனால் ஒன்று இன்னொன்றைவிடக் கனமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதை நம்பவைக்க முட்டை போதும். சாதாரணத் தண்ணீரில் போட்டால் புது முட்டை அடியில் போய் உட்காரும். ஒரு தம்ளர் தண்ணீரில் நான்கைந்து தேக்கரண்டி உப்பைக் கரைத்துவிட்டுப் போட்டால் மேலே வந்து மிதக்கும். கரைந்த உப்பு தண்ணீரின் எடையைக் கூட்டுகிறது; கனமான நீர் முட்டையை அதிக விசையோடு மேலே தள்ளுகிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. முட்டை மிதக்க அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். ஆகவே புது முட்டை உண்மையான கடலில் மூழ்கத்தான் செய்யும். இதைக் குழந்தையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம் உப்பு நீர் பாதி நிறைந்த தம்ளரில், ஒரு கரண்டியின் முதுகில் பட்டு வழியும்படி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முட்டை மேலேயும் வராது, அடிக்கும் போகாது. நடுவில் நிற்கும். இரண்டு தண்ணீரும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதைக் கண் தானாகப் பார்ப்பதில்லை, முட்டை அதைக் காட்டிக்கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. முந்தின நாள் இரவே உணவு நிறமி கலந்த தண்ணீரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள், நீலமோ சிவப்போ அடர்த்தியாக இருக்கட்டும். மறுநாள் ஒரே அளவான இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் மூன்று தேக்கரண்டி உப்பைக் கலக்குங்கள். உப்பு முழுதும் கரைந்து, இரண்டு நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். ஐஸைப் போடுவதற்கு முன் குழந்தையிடம் ஒரு கேள்வி: எதில் முதலில் கரையும்? நீங்களும் மனதில் ஒரு விடை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களில் பலர் உப்பு நீர் என்றுதான் சொல்வார்கள். பனி விழும் நாடுகளில் சாலையில் உப்பைத் தூவி ஐஸைக் கரைப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஆயிற்றே.

கட்டிகளைப் போட்டதும் தம்ளரைக் கலக்காமல், மேசையை ஆட்டாமல், குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். நல்ல தண்ணீர்த் தம்ளரில் ஐஸின் அடியிலிருந்து ஒரு நூல் இறங்கும். மை கசிவது போல, முதலில் நேராக, பிறகு நெளிந்து, அடியைத் தொட்டதும் பூப்போல விரியும். ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் இறங்கிச் சில நிமிடங்களில் தம்ளர் முழுதும் நிறமேறிவிடும். உப்பு நீர்த் தம்ளரில் அப்படி எதுவும் இல்லை. நிறம் மேலேயே ஒரு பட்டையாகத் தேங்கி நிற்கும், அடியில் நீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். எங்கள் வீட்டில் நான்கு வயதுக்காரி மூக்கைத் தம்ளரில் ஒட்டிக்கொண்டு, "இது மட்டும் ஏன் கீழ போகமாட்டேங்குது?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த விளையாட்டே இருக்கிறது.

ஐஸ் உருகி வரும் நீர் குளிர்ந்த நீர். அறை வெப்பத்தில் இருக்கும் நல்ல தண்ணீரைவிட அது கனம், ஆகவே இறங்குகிறது. அது இறங்க இறங்க, அதன் இடத்துக்குச் சற்று வெதுவெதுப்பான நீர் வந்து ஐஸைத் தொடுகிறது. ஐஸ் வேகமாகக் கரைகிறது. உப்பு நீரிலோ கதை மாறுகிறது. உருகிய நீரில் உப்பு இல்லை; குளிர்ந்திருந்தாலும் சுற்றியுள்ள உப்பு நீரைவிட லேசு. ஆகவே மேலேயே தங்கி, ஐஸைச் சுற்றிக் குளிர்ந்த போர்வைபோல் நின்றுகொள்கிறது. வெதுவெதுப்பான நீர் கிட்டே வர வழியில்லை. அதனால் உப்பு நீரில் கட்டி வெகுநேரம் தாக்குப்பிடிக்கிறது.

பெருங்கடலின் ஆழ்நீர்ச் சுழற்சியும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவைச் சுற்றியும் கடல் நீர் கடுமையாகக் குளிர்கிறது. கடல் நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியில் சேராமல் வெளியே தள்ளப்படுவதால் சுற்றியுள்ள நீர் இன்னும் உப்பேறிக் கனக்கிறது. குளிரும் உப்பும் சேர்ந்த அந்த நீர் அடியாழத்துக்கு இறங்கி, உலகத்தின் கடல்களைச் சுற்றி மீண்டும் மேலே வர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகும். கிரீன்லாந்தின் பனி உருகுவதைக் கண்டு விஞ்ஞானிகள் கவலைப்படுவதற்கும் அந்த இரண்டாவது தம்ளரில் விடை இருக்கிறது. உப்பில்லாத நீர் மேலே போர்வையாய்ப் படர்ந்தால் இறங்க வேண்டிய நீர் இறங்கத் தயங்கும்.

தெளிவான பாட்டிலில் பாதி நீலத் தண்ணீர், மீதி எண்ணெய், மேலே விரற்கடை அளவு காற்று. மூடியைப் பசை போட்டு இறுக்கிவிடுங்கள். பாட்டிலைப் படுக்கவைத்து மெல்லச் சாய்த்தால் அலை வரும். பல வீடுகளில் செய்கிற விளையாட்டுதான். ஆனால் அந்த அலை ஏன் அவ்வளவு நிதானமாக, தூரத்தில் தெரியும் பெரிய கடலலை மாதிரி உருள்கிறது என்று யோசித்ததுண்டா? உற்றுப் பார்த்தால் அங்கே இரண்டு அலைகள் இருக்கும். எண்ணெயும் காற்றும் தொடும் மேற்பரப்பு படபடவென்று ஆடி அடங்கிவிடும். நீரும் எண்ணெயும் தொடும் எல்லைதான் மெதுவாக அசையும். காற்றுக்குள் எழும்பும் திவலையைப் புவியீர்ப்பு முழு பலத்தோடு கீழே இழுக்கிறது. எண்ணெய்க்குள் எழும்பும் நீரையோ எண்ணெயே ஏறக்குறைய முழுதும் தாங்கிக்கொள்கிறது, ஏனென்றால் எண்ணெய் தண்ணீரைவிடச் சுமார் எட்டு சதவீதம்தான் லேசு. கீழே இழுக்கும் விசை சொற்பமாகிவிடுவதால் அலை சோம்பலாக நகர்கிறது.

கடலுக்குள்ளும் இப்படி அலைகள் உண்டு. மேலே லேசான நீர், கீழே கனமான நீர், இடையிலுள்ள எல்லையில் உள்ளலைகள். அந்தமான் கடலிலும் தென்சீனக் கடலிலும் அவை மிகப் பெரிதாக எழும். தென்சீனக் கடலில் உயரம் 100 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மேலே மிதக்கும் படகுக்கு அது தெரியாமலே போகலாம். 1893இல் நார்வேக்காரர் நான்சென் தம் ஃப்ராம் கப்பலில் ஆர்க்டிக் கடலில் போனபோது, காற்றும் அலையும் தடுக்காமலே கப்பல் வேகமிழந்து தவழ்ந்தது. எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எக்மன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் தொட்டியில் உப்பு நீர் மேல் நன்னீரை அடுக்கி, கப்பலின் சிறு மாதிரியை இழுத்துப் பார்த்து, 1904இல் காரணத்தைச் சொன்னார். கப்பலின் சக்தியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உள்ளலைகளை எழுப்புவதிலேயே செலவாகியிருந்தது.

பாட்டிலில் பேனா மூடியை மூழ்கவைக்கும் விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். துளையில்லாத மூடியின் வாய்ப்பக்க விளிம்பில் களிமண் ஒட்டி, உள்ளே காற்றோடு தலைமட்டும் வெளியே தெரியும்படி மிதக்கவைத்து, வாய்வரை நீர் நிறைந்த பாட்டிலில் போட்டு மூடுங்கள். பாட்டிலை அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும். அழுத்தத்தில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்த இடத்துக்கு நீர் புகுவதுதான் காரணம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் இருக்கும் குமிழி 10 மீட்டரில் பாதியாகிவிடும். பல மீன்களுக்குள் காற்றுப்பை இருக்கிறது. மீன் அந்தப் பையைப் பிழிந்து இறங்குகிறது என்று சிலர் எழுதுவது சரியில்லை. ஆழம் கூடும்போது சுருங்கும் பைக்கு வாயுவைச் சேர்த்துத்தான் மீன் மூழ்கிப்போகாமல் நிற்கிறது. சுறாவுக்கு அந்தப் பையே கிடையாது, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதற்கு உதவி. மூடியைக் கையாளும் வேலை உங்களுடையதாகவே இருக்கட்டும், குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. சில அங்குலத் தண்ணீராக இருந்தாலும் சின்னக் குழந்தையைப் பக்கத்தில் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது.

தம்ளரைவிடப் பெரிதாக ஒன்று செய்ய ஆசை இருந்தால் மர்சிலியின் பெட்டி இருக்கிறது. 1679இல் இஸ்தான்புல் போன அந்த இத்தாலிய இளைஞரிடம், கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் பாஸ்போரஸ் நீரிணையில் மேலே ஒரு பக்கம் நீர் ஓட, அடியில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். ஆழத்தில் கயிறு எதிர்ப்பக்கம் வளைந்தது. பிறகு ஒரு பெட்டியை நடுவில் தடுத்து, ஒருபுறம் நிறமேற்றிய உப்பு நீரும் மறுபுறம் நல்ல நீரும் நிரப்பி, தடுப்பில் மேலும் கீழும் இருந்த துளைகளைத் திறந்தார். கனமான நீர் கீழ்த்துளை வழியாகவும் லேசான நீர் மேல்துளை வழியாகவும் எதிரெதிராக ஓடின. 1681இல் அதை அச்சிட்டார்.

வீட்டில் நீளமான, தெளிவான பிளாஸ்டிக் டப்பா போதும். பிளாஸ்டிக் சுற்றிய அட்டையை நடுவில் செருகி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊற்றுங்கள்; ஓரத்தில் கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை. அட்டையை உருவும் வேலையைக் குழந்தைக்குக் கொடுங்கள். நிற நீர் அடியோடு அடியாக நாக்கு நீட்டி மறுமுனைவரை ஓடி, சுவரில் மோதித் திரும்பி வரும். எல்லாம் அடங்கியதும் டப்பாவின் ஒரு முனையை ஒரு விரலளவு தூக்கி விடச் சொல்லுங்கள். மேற்பரப்பு உடனே சமமாகிவிடும். உள்ளே அந்த நிறக்கோடு மட்டும் மெதுவாக, பாட்டிலில் பார்த்த அதே நிதானத்தோடு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.