பீஸ் கோர்: அமைதிப் படையா, அமைதித் தொண்டர் அணியா?

வேற்று நாட்டுச் சிற்றூர்களில் ஆசிரியராகவும் செவிலியராகவும் வேளாண் உதவியாளராகவும் பணிபுரியத் தன் குடிமக்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பு, பீஸ் கோர். 1961 மார்ச் 1 அன்று அதிபர் கென்னடி பிறப்பித்த ஆணையால் தோன்றியது. 'Corps' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்துகள் ஒலிப்பதில்லை என்பதால் 'கார்ப்ஸ்' என்று எழுதுவது பிழை. தமிழில் இதை 'அமைதிப் படை' என்றே பெரும்பாலும் எழுதக் காண்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதற்சொல்லில் சிக்கல் இல்லை. 'பீஸ்' என்பதன் மூலம் 'பாக்ஸ்' என்ற இலத்தீன் சொல். அதன் வேர்ப்பொருள் பிணைத்தல், பொருத்துதல். நம் 'அமைதி'யும் 'அமை' என்ற வினையிலிருந்தே வருகிறது. அமைதல் என்றால் பொருந்துதல், நிறைதல். இலக்கணத்தில் வழுவமைதி என்கிறோமே, அங்கும் அதே பொருள்தான். போரில்லா நிலை என்பதோடு நில்லாமல், ஒன்றோடொன்று இசைந்திருத்தலையும் இச்சொல் சுட்டுவதால் இவ்வமைப்புக்கு மிகவும் பொருந்துகிறது.

இரண்டாம் சொல்லில்தான் தடுமாற்றம். உடல் என்று பொருள்படும் 'கார்ப்பஸ்' என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாகப் படைப்பிரிவைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அந்த இராணுவ வாடை அமெரிக்கர் சிலருக்கே அன்று பிடிக்கவில்லை. ஆயினும் அமைப்பின் முதல் இயக்குநர் சார்ஜன்ட் ஷ்ரைவர் அப்பெயரையே நிலைநிறுத்தினார். வேலையற்ற இளைஞர்களைக் காடு வளர்க்கவும் மண் காக்கவும் அனுப்பிய ரூஸ்வெல்ட் காலத்துத் திட்டம் ஒன்றின் பெயரிலும் 1933 முதலே இச்சொல் இருந்தது.

தமிழிலும் 'படை' போருக்கு மட்டும் உரிய சொல் அன்று. அப்பர் திருக்கோயில்களில் புல் செதுக்கிய கருவியின் பெயர் உழவாரப்படை. ஏர் கிழித்த கோடு படைச்சால். ஆனால் 'அமைதி'யோடு சேர்ந்தவுடன் அந்தப் பழைய பொருள்கள் மறைந்துவிடுகின்றன. 1987 முதல் 1990 வரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த இந்திய இராணுவத்தை ஈழத்தமிழர் குறித்தது 'அமைதிப் படை' என்ற இந்தச் சொல்லால்தான். அந்த ஆண்டுகளில் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவரையும் துப்பாக்கி ஏந்தி வந்தவரையும் ஒரே பெயரால் அழைப்பது இரு தரப்புக்கும் நியாயமாகாது. 1962இல் இலங்கைக்கு வந்த பீஸ் கோர் அணியினர் எவரும் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர்.

இவர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் பயிற்சி பெற்று, பிறகு இரண்டாண்டு அவ்வூராரோடு தங்குகிறார்கள். கையில் கிடைப்பது அவ்வூர் வாழ்க்கைச் செலவுக்கான படி. உள்ளூர் மொழியைக் கற்பது பயிற்சியின் முக்கியப் பகுதி. 1961 ஆகஸ்டில் கானாவின் அக்ராவில் வந்திறங்கிய முதல் அணியினர், அந்நாட்டு ட்வி மொழியில் பாடியே தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை கோழி வளர்ப்பு, வேளாண்மை, உடல்நலம் எனப் பல துறைகளில் பணிபுரிந்தார்கள். போர் முடித்துத் திரும்புபவரைக் கொண்டாடும் அளவுக்கு எந்த நாடும் இத்தகைய குடிமக்களைக் கொண்டாடுவதில்லை. பெயரிலாவது அந்த மதிப்பு தெரிய வேண்டும்.

'தன்னார்வலர்' என்பது புழக்கத்தில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் அது போகிறவரின் விருப்பத்தை மட்டும் காட்டுகிறது. 'தொண்டர்' யாருக்காகப் போகிறார் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. கட்சிக்காரரைக் குறிக்க இச்சொல் பெரிதும் பயன்படுவது உண்மையே. அதற்காகத் திருத்தொண்டர் காலம் தொட்டு வரும் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே அமைப்பை 'அமைதித் தொண்டர் அணி' என்றும், அதில் பணிபுரிபவரை 'அமைதித் தொண்டர்' என்றும் எழுதலாம். பணி முடித்தவரை அமெரிக்கர்கள் 'முன்னாள்' என்று சொல்வதில்லை, 'திரும்பி வந்தவர்' என்கிறார்கள். நாமும் 'ஊர் திரும்பிய தொண்டர்' எனலாம். 1966இல், தம் 68ஆம் வயதில், மும்பையை அடுத்த விக்ரோலிக்குச் செவிலியராக வந்து நோயாளிகளைப் பேணியவர் லில்லியன் கார்ட்டர். பின்னாளில் அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபரானார். லில்லியனைப் பற்றிய குறிப்புகளில் அதிபரின் தாய் என்பதற்கு முன்னால், ஊர் திரும்பிய அமைதித் தொண்டர் என்று எழுதுவேன்.