திருவாதிரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு சூடு?

மார்கழியில் இருட்டிய பிறகு காசிமேட்டுக் கடற்கரையில் கிழக்கே பார்த்தால், ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம் ஒருக்களித்துப் படுத்தபடி கடலிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். இடது பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. அதற்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக மிருகசீரிடம். துறைமுக விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடவும் வாய்ப்புண்டு. பஞ்சாங்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த நட்சத்திரங்கள். ஆனால் திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின். மிருகசீரிடம் அதைப்போல் பத்து மடங்கு, சுமார் 35,000. நம் சூரியன் 5,800 தான்.

அவ்வளவு தூரத்திலிருந்து சூட்டை எப்படி அளந்தார்கள்? நிறத்தை வைத்து என்பது பாதி பதில். பட்டறையில் இரும்பு காயக் காயச் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மாறுவதுபோல நட்சத்திரங்களும் நிறம் மாறும். ஆனால் 30,000 கெல்வினைத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது. வெளிச்சத்தில் பெரும்பகுதி புற ஊதாவுக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியும் மிச்சம் 30,000-லும் 45,000-லும் கிட்டத்தட்ட ஒரே நீலவெள்ளை. போதாக்குறைக்கு வழியில் இருக்கும் விண்வெளித் தூசி நிறத்தைச் சிவப்பாக்கி ஏமாற்றும்.

அதனால்தான் நிறமாலை, அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது. வீட்டில் பழைய சிடி இருந்தால் டியூப்லைட் வெளிச்சத்தை அதில் சாய்த்துப் பாருங்கள். பச்சையும் ஊதாவும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். அவை உள்ளே இருக்கும் பாதரச ஆவி போடும் கையெழுத்து. எல்ஈடி பல்பில் அப்படி வராது, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தே வரும். நட்சத்திரத்தில் பெரும்பாலும் இது தலைகீழ்: தொடர்ச்சியான நிறங்களுக்கு நடுவே இருண்ட கோடுகள். வெளி அடுக்கில் இருக்கும் வாயுக்கள் தங்களுக்குரிய அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடுவதால் வருபவை.

அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் இந்தக் கோடுகளைப் பார்த்து நட்சத்திர வகைகளுக்கு முதலில் ஏ, பி, சி என்று வரிசையாகப் பெயர் வைத்தார்கள். பிறகு ஆனி ஜம்ப் கேனன் அதைக் கலைத்து ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று அடுக்கினார். அது சூட்டின் இறங்குவரிசை. ஏன் அப்படி என்பதற்கு விளக்கம் 1920-ல் இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாஹாவிடமிருந்து வந்தது: சூடு ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கின்றன, எந்த அணு எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற கோடுகளே தெரியும். ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஹீலியம் பிடிவாதக்காரன், 24.6 வேண்டும்.

ஓ வகை நட்சத்திரங்களை அளப்பதே இந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான். முழுதாக இருக்கும் ஹீலியம் 447.1 நானோமீட்டரில் ஒரு கோடு போடும். ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் 454.2-ல் போடும். இரண்டில் எது அழுத்தமாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு வகைக்குள்ளும் எண் குறையக் குறையச் சூடு அதிகம். இரண்டும் சமமாக இருந்தால் ஓ7. முதலாவது ஓங்கினால் ஓ8, ஓ9. இரண்டாவது ஓங்கினால் ஓ5, ஓ4. ஓரியன் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்றில் ஓரத்து இரண்டும் ஓ9 சொச்சம், நடுவில் இருப்பது எல்லை தாண்டிய பி0. மிருகசீரிடம் ஓ8.

இந்த 454.2 கோட்டுக்குப் பின்னால் ஒரு வம்பு வழக்கே உண்டு. 1896-ல் எட்வர்ட் பிக்கரிங், நாவோஸ் என்ற நட்சத்திரத்தில் ஹைட்ரஜன் கோடுகளுக்கு இடையிடையே புதுக் கோடுகளைக் கண்டார். ஹைட்ரஜனே ஏதோ புது நிலையில் இருக்கிறது என்று நினைத்தார். 1913-ல் இயற்பியலாளர் நீல்ஸ் போர், அவை ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடுகள் என்று காட்டினார். மிச்சம் ஒரே எலக்ட்ரான் என்பதால் அதன் கோடுகள் ஹைட்ரஜன்போலவே வரிசை கட்டும். ஒன்று விட்டு ஒன்று ஹைட்ரஜன் கோட்டின் பக்கத்திலேயே விழும். பிக்கரிங்கைக் குறை சொல்ல முடியாது. போரின் அணுக்கொள்கைக்கு ஆரம்பத்தில் கிடைத்த நல்ல சாட்சிகளில் இதுவும் ஒன்று.

நாவோஸ் நமக்கும் தெரியும். மார்ச் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே, அகத்தியர் நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், அதைவிட உயரத்தில் இருக்கும். வடசென்னையில் நிற்பவருக்குத் தெற்கு என்றால் மொத்த நகரத்தின் வெளிச்சமும் அந்தப் பக்கம்தான். கொஞ்சம் பொறுமை வேண்டும். அதன் வகை ஓ4, பின்னால் ஒரு சின்ன எஃப். அதன் நிறமாலையில் 468.6-ல் ஹீலியமும் 464-ஐ ஒட்டி நைட்ரஜனும் இருண்ட கோடுகளாக இல்லாமல் பளிச்சென்று ஒளிர்வதையே அந்த எஃப் குறிக்கிறது. நட்சத்திரம் தன் வெளிச்சத்தாலேயே தன் வாயுவை நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வெளியே தள்ளுகிறது, 468.6 கோடு ஒளிர அந்தக் காற்றும் ஒரு காரணம்.

ஓ3-க்கு அந்தப் பக்கம் 447.1 கோடு கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஹீலியத்தை வைத்து அதற்கு மேல் பிரிக்க முடியாது. அங்கே நைட்ரஜன் கோடுகளை ஒப்பிட்டு, 2002-ல் ஓ2 என்ற வகையையே புதிதாகச் சேர்த்தார்கள்.

நாவோஸுக்குச் சற்றுக் கீழே, அதைவிடப் பிரகாசமாக இருப்பது காமா வேலோரம். அதில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன: ஒன்று ஓ வகை, இன்னொன்று உல்ஃப்-ராயே வகை. காற்று அவ்வளவு அடர்த்தி என்பதால் உல்ஃப்-ராயேயில் மேற்பரப்பே தெரியாது. தெரிவதெல்லாம் அகலமான ஒளிக்கோடுகள்தான். நைட்ரஜன் ஓங்கினால் டபிள்யூஎன், கார்பன் ஓங்கினால் டபிள்யூசி. இது டபிள்யூசி8. காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு ஆர்வத்தோடு ஆராய்ந்தது இந்த உல்ஃப்-ராயே கூட்டத்தைத்தான்.