நிறையாத தொட்டியும் காய்ச்சிய தண்ணீரும்

நீர்ப் பரிசோதனைக் கூடத்திற்குக் கிணற்று நீரைப் பாட்டிலில் கொண்டு வருபவர்கள் என்னிடம் தவறாமல் சொல்வது, “நாங்க காய்ச்சித்தான் குடிக்கோம்” என்பதே. காய்ச்சினால் கிருமிகள் சாகும், நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். ஒரு லிட்டர் குடிநீரில் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர விதி வரையறுத்துள்ள இந்த நைட்ரேட், நிறமோ வாடையோ காட்டாமல் கிணற்றில் கலந்து, அந்நீரில் கரைத்த புட்டிப்பாலைக் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குலைத்துவிடக்கூடியது.

வயலுக்கு இடும் யூரியாவிலிருந்தும் அது வரலாம். ஆனால் ஊருக்குள் இருக்கும் கிணறு என்றால், செப்டிக் டேங்கிற்குத் தளம் போட்டிருக்கிறதா என்றே நான் முதலில் கேட்பேன். பல வீடுகளில் அது தொட்டியே அல்ல. சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியைத் திறந்துவிட்ட குழி. “இருவது வருசமா நிறையவே இல்ல” என்று பெருமையோடு சொல்வார்கள். நிறையவில்லை என்றால் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதிலுள்ள அம்மோனியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்ற, அது நிலத்தடி நீரோடு நகர்கிறது. முறையாகப் பூசிய தொட்டியில் கசடு சேரும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்தாக வேண்டும்.

சமையலறையிலும் குளியலறையிலும் இருந்து வரும் அங்கணக்குழி நீர் போகும் வழி வேறு. திருநெல்வேலியில், தாமிரபரணி ஆற்றின் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயும் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடுவதால், பொரித்து மிஞ்சிய எண்ணெயும் சலவைத்தூள் நுரையும் அவற்றில் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. சலவைத்தூளில் பாஸ்பேட் இருந்தால் அது ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. பாபநாசத்தில் குளித்தபின் துணியை அதே ஆற்றில் விடுவதைக் கண்டு எல்லோரும் கோபப்படுகிறோம், அது நியாயமான கோபம்தான். ஆயினும் துணியை அள்ளி எடுத்துவிடலாம், கரைந்ததை அள்ள முடியாது.

குடிநீர்க் கிணற்றுக்கும், கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே 18 மீட்டராவது வேண்டும். நான்கு சென்ட் மனையில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது. அதனால் பரிசோதனைக்கு வருபவர்களிடம், பக்கத்து வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளந்து வரச் சொல்கிறேன். முடிவு தெரியும்வரை குழந்தைக்கு அந்தக் கிணற்று நீரில் பால் கரைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன்.