கழுவினால் போகாது: கொல்லைக் காய்கறிக்கு வயல் மருந்து வேண்டாம்

இந்த வாரம் மறுபடியும் ஒன்று. பருத்திக்கு அடித்தது போக டேங்கில் கொஞ்சம் மருந்து மிச்சம். காசு கொடுத்து வாங்கியதைக் கீழே ஊற்ற மனசு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கத்தரிக்கும் அவரைக்கும் மகன் சாயங்காலம் அடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவருடைய அம்மா வழக்கம்போல ஒரு மடி காய் பறித்துக் குழம்பு வைத்தார். மதியத்துக்குள் வாந்தி, வியர்வை, நிற்காமல் ஊறும் எச்சில். குடும்பமே ஆஸ்பத்திரியில். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். பார்க்கப் போனபோது அந்த அம்மா கேட்டது இதுதான்: "நல்லா கழுவிட்டுத்தானே சார் ஆக்குனேன்?"

பெரம்பலூர் பக்கம் தோட்டக்கலை அலுவலராக வேலை பார்க்கிறேன். பருத்தியும் மக்காச்சோளமும் உள்ள ஊர்களில் தெளிப்பான் இல்லாத வீடு அபூர்வம். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்ற பிறகு மருந்து டப்பாவும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. வயலில் என்ன அடிப்பது என்பது தனிக் கதை. வீட்டுக் கொல்லையில் அது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

கழுவுகிற விஷயத்துக்கு வருவோம். உப்பு போட்டு, மஞ்சள் போட்டு, புளித்தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். காயின் மேல்தோலில் ஒட்டிய மருந்து தண்ணீரில் ஓரளவு போகும், உண்மைதான். ஆனால் பருத்திக்கு அடிக்கிற பல மருந்துகள் மேலே உட்கார்ந்திருப்பவை அல்ல, ஊடுருவிப் பாய்பவை. இலைக்குள் புகுந்து சாற்றோடு சேர்ந்து செடி முழுக்கப் போகும். சாறு உறிஞ்சும் பூச்சி சாக வேண்டும் என்றுதானே அதை அடிக்கிறீர்கள்? சாற்றில் விஷம் இருந்தால்தான் பூச்சி சாகும். அந்தச் சாறுதான் காயிலும் இருக்கிறது. தென்னை வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். வேரைச் சீவி மருந்துப் பையைக் கட்டினால் மருந்து மரத்தின் உச்சிக்குப் போகிறதா இல்லையா? அதனால்தானே அதன்பிறகு 45 நாள் காய் பறிக்காதே, இளநீர் இறக்காதே என்கிறோம்? அந்த மரத்துத் தேங்காயைக் கழுவிவிட்டுச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். கத்தரிக்காய்க்கு மட்டும் கழுவினால் போதுமா? வேகவைத்தால் போய்விடும் என்பதையும் நம்பாதீர்கள். குழம்பு கொதிக்கிற சூட்டில் எல்லா மருந்தும் அழிந்துவிடாது.

இப்படி ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்தான மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்தக்கூடாது என்று 2005லேயே தடை வந்துவிட்டது. அதன் 36 சதவீதத் திரவத்துக்கும் 2023இல் மத்திய அரசு முடிவு கட்டியது. ஆனால் பரணில் கிடக்கிற பழைய டப்பாவுக்கு அரசாணை தெரியாது. கடும் விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம் போட்ட எந்த டப்பாவும் கொல்லைப் பக்கமே போகக்கூடாது. "எத்தனை நாள் விட்டுப் பறிக்கலாம் சார்" என்று கேட்பவர்களுக்கு: அந்தக் கணக்கு லேபிளில் பயிர்வாரியாக இருக்கும். உங்கள் அவரையின் பெயர் அந்த லேபிளில் இல்லை என்றால் அதற்கு நாள் கணக்கே கிடையாது. வயலிலாவது அடிக்கிற ஆளுக்குப் பறிக்கிற நாள் தெரியும். வீட்டில் அடிப்பவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர், கிள்ளித் தின்கிற பிள்ளை இன்னொருவர்.

இன்னொரு கூத்தும் உண்டு. "வெண்டைக்கு வைரஸ் வந்துடுச்சு சார்" என்று போன மாதம் ஒருவர் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இலை விரல் விரலாகக் குறுகி, நரம்பெல்லாம் நெருங்கிக் கிடந்தது. வைரஸும் இல்லை, பூச்சியும் இல்லை. மக்காச்சோளத்தில் களைக்கு 2,4-டி அடித்த டேங்கை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டு, அதிலேயே வேப்பெண்ணெய் கலந்து வெண்டைக்கு அடித்திருக்கிறார். வெண்டை, பருத்தி, தக்காளி மூன்றுக்கும் இந்தக் களைக்கொல்லி துளி பட்டாலே போதும். அவர் அதற்குள் கடையில் கேட்டு இரண்டு மருந்து வாங்கி அடித்தும் ஆகிவிட்டது. நிஜமாகவே மஞ்சள் நரம்பு வைரஸ் என்றாலும் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். களைக்கொல்லிக்கு ஒரு டேங்க், மற்றதற்கு ஒரு டேங்க். ஒரே டேங்க்தான் இருக்கிறது என்றால் கொல்லைக்குப் பழைய பூவாளி போதும்.

சரி, மருந்தே அடிக்காமல் காய் வருமா? எந்தக் காய் என்பதைப் பொறுத்தது. கத்தரியும் காலிஃபிளவரும் வைத்துவிட்டு, வேலை இல்லாத தோட்டம் வேண்டும் என்றால் நடக்காது. கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான் புழு உள்ளே போய்விட்டால் எந்த மருந்து அடித்தும் அதை எட்டுவது கஷ்டம். வாடிய நுனியை வாரம் ஒருமுறை கிள்ளிப் போட முடியாதவர்கள் கத்தரியைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோவித்துக்கொள்ளாதீர்கள்.

வயல் வேலைக்குப் போய்வருகிற வீட்டுக்கு வேறு கூட்டம் இருக்கிறது. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, சுண்டை, பப்பாளி, வேலியில் கோவை, தூதுவளை. ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்பவை. கோவைக்கு விதைகூட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு துண்டுத் தண்டு போதும். பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.1 முருங்கை விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். காய்ப்பு ஓய்ந்ததும் இடுப்பளவு விட்டு வெட்டுங்கள், மறுபடி துளிர்க்கும். துணி துவைத்த தண்ணீர் போகிற பக்கம் வாழை வையுங்கள், கீரை வேண்டாம். செடியடியில் காய்ந்த இலையோ சோகையோ ஒரு சாண் உயரம் மூடாக்கு போட்டால் தண்ணீரும் குறையும், களையும் குறையும்.

கொடி அவரைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் அதிகம் வீண் செலவு செய்கிறீர்கள். சித்திரையில் போட்டுவிட்டு, "இலையாப் போகுது, பூவே இல்லை, என்ன டானிக் அடிக்கலாம்" என்று வருகிறீர்கள். நம் நாட்டுக் கொடி அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் போடுங்கள், பனி தொடங்கும்போது தானே பூக்கும். டானிக் காசு மிச்சம்.

பனியோடு கருப்பாக, சாறு உறிஞ்சும் அசுவிணிப் பூச்சியும் வரும். பதறாதீர்கள். மொய்த்த நுனியை ஒடித்து எறியுங்கள். ஈரம் காயும் முன் காலையில் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். அதிகமாக இருந்தால் லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி. அந்தக் கூட்டத்துக்குள் முதலை மாதிரி நீளமாக, கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு ஓடும். பார்க்க அருவருப்பாக இருக்கும், நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவிணிதான் அதன் சாப்பாடு. இரண்டு வாரம் பொறுத்தால் உங்கள் வேலையை அதுவே செய்யும். நீங்கள் வயல் மருந்தை அடித்தால் முதலில் சாவது அதுதான். அசுவிணி திரும்ப வரும், இது வராது.

மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், எத்தனை முறை சொல்வது? காலி டப்பாவைத் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டை போட்டு ஒதுக்குங்கள். மிச்சம் வராத அளவுக்குக் கலக்குங்கள். மிஞ்சினால் அதே வயலில் அடித்து முடியுங்கள்.

யாருக்காவது வாந்தி, வியர்வை, கண் மங்கல், தசைத் துடிப்பு என்றால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். நெஞ்சுக்குள், நுரையீரலுக்குள் போய்விடும். மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் தவிக்கிறார், அதனால் டப்பாவையோ கிழிந்த லேபிளையோ பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், அங்கே யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டுவதென்றால் பிறகு நான் வந்து திட்டிக்கொள்கிறேன்.