தண்டுவடச் சிதைவு: 'முதுகெலும்புத் தேய்மானம்' என்பது தவறு

வயதான ஜெர்மன் ஷெப்பர்டு நாய் பின்னங்காலை இழுத்து நடந்தால் உடனே 'முதுகெலும்புத் தேய்மானம்' என்று எழுதிவிடுகிறார்கள். மோப்ப நாய்களைப் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் போன வாரமும் அதையே படித்தேன். மூலத்தில் இருந்தது 'டிஜெனரேட்டிவ் மையலோபதி'.

'மையெலோஸ்' கிரேக்கச் சொல். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கும் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்துக்கும் அந்த ஒரே பெயர்தான். 'பாதோஸ்' என்றால் துன்பம். இந்த நோயில் துன்பப்படுவது கற்றை; ஆகவே 'மஜ்ஜை நோய்' என்பதும் பிழை.

தேய்மானம் உராய்வதால் வருவது. செருப்பு தேயும், மூட்டு தேயும். இங்கே எலும்பு எலும்பாகவே இருக்கிறது, எக்ஸ்ரேயில் இந்த நோய் தெரியாது. நடுமுதுகில் தண்டுவடத்தின் நரம்பிழைகளும் அவற்றைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற உறையும் சிதைகின்றன. எஸ்.ஓ.டி.1 மரபணுவின் பழுதுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2009-ல் வெளியானது.

தேய்மானம் என்று படித்தவர் என்ன செய்வார்? கால்சியம் வாங்குவார், வலி மருந்து கேட்பார். இந்த நோயிலோ வலியே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு மாதக்கணக்கில் கால்சியம் கொடுத்தார்கள். அது நடந்தால் தார்ச்சாலையில் பின்னங்கால் நகம் சரக் சரக்கென்று உரசும். பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில் படும்படி நிற்கும். திருப்பி வைத்துக்கொள்ளத் தெரியாது. கால் எங்கே இருக்கிறது என்ற சேதியே மூளைக்குப் போவதில்லை. நடுவிரல் நகங்கள் இரண்டும் ரத்தம் கசியுமளவு தேய்ந்திருந்தன. தேய்ந்தது அவை மட்டும்தான்.

'தண்டுவடம்' பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல். தேர்வடத்தைக் கையில் பிடித்தவருக்கு விளக்கவே வேண்டாம்: பல புரி சேர்த்து முறுக்கியது வடம். புரி புரியாக அது நைந்துபோவதைச் 'சிதைவு' சரியாகச் சொல்கிறது.

இன்னொரு கொடுமை, நாளாக நாளாக மோசமாகும் நோயை ஆங்கிலத்தில் 'புரோகிரஸிவ்' என்று கண்டால் 'முற்போக்கான நோய்' என்று எழுதுவது. முற்போக்கு கொள்கைக்கு உரியது. எந்த அகராதியைப் பார்த்து இதை எழுதுகிறார்கள்? நோய் முற்றிவிட்டது என்று சொல்லாத வீடு தமிழில் உண்டா? முதலில் பின்னங்கால் தள்ளாடும். பல நாய்கள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் எழ முடியாமல் போகும். உயிரோடு இருந்தால் முன்னங்காலுக்கும் ஏறும். இதற்கு 'முற்றிவரும் தண்டுவடச் சிதைவு' என்று எழுதுங்கள்.