ப்ரீ ஒர்க்அவுட் குடித்ததும் முகம் குறுகுறுக்கிறதா?

கிளினிக்கை மூடும் நேரம். இருபத்துநாலு வயதுத் தம்பி ஒருவரை நண்பர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். (அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 128. ரத்த அழுத்தம் 152/94. விரல்கள் நடுங்கின. ஈசிஜி எடுத்துப் பார்த்தேன். இதயம் வேகமாகத் துடிக்கிறதே தவிர வேறு கோளாறு தெரியவில்லை. ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை டாக்டர், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஜிம்முக்கு மட்டும்தான் போறேன்." கூட வந்தவர்தான், "டேய், அந்த ப்ரீ ஒர்க்அவுட்டைச் சொல்லுடா" என்றார். பயிற்சிக்கு முன்பு தெம்புக்காகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பவுடர் அது.

வழக்கமாக ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) கலக்குபவர், அன்று மாலை 7 மணிக்கு இரண்டு ஸ்கூப் கலக்கியிருக்கிறார். ஏன் என்றேன். "ஒரு ஸ்கூப்ல முகம் லேசாத்தான் குறுகுறுங்குது டாக்டர். ஊசி குத்துற மாதிரி இருந்தாத்தான் ரத்த ஓட்டம் நல்லா ஏறுதுன்னு அர்த்தமாம். ஜிம்ல சொன்னாங்க."

இதே நம்பிக்கையை வேறு பல இளைஞர்களிடமும் கேட்டிருக்கிறேன். அது தவறு. அந்தக் குறுகுறுப்புக்கும் ரத்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தருவது பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம். ஒரே மூச்சில் அதிகமாக உள்ளே போனால் தோலின் நரம்பு நுனிகளைத் தூண்டும், ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கெடுதல் இல்லை. ஆனால் பீட்டா அலனினின் உண்மையான வேலை தசைக்குள் கார்னோசின் என்ற பொருளைக் கூட்டுவது. அதற்குத் தினமும் 4 முதல் 6 கிராம் வீதம் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வேலை நடக்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது.

முகமும் காதும் சிவந்து சூடாவதும் அப்படித்தான். சில பவுடர்களில் நியாசின், அதாவது பி3 வைட்டமின், நிகோடினிக் அமில வடிவில் இருக்கும். தோலில் உள்ள ரத்தக் குழாய்களை அது விரிக்கிறது. எடை தூக்கும் தசைக்கு அந்தச் சிவப்பால் லாபம் எதுவும் இல்லை.

அப்படியானால் தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போக என்ன வேண்டும்? ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய தசை அதனால் தளர்கிறது, குழாய் விரிகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வாயு வழியாகத்தான் வேலை செய்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கே வருகிறேன்.

நைட்ரிக் ஆக்சைடுக்கு மூலப்பொருள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். வாய்வழியாகச் சாப்பிடும் ஆர்ஜினினில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துபோகிறது. இந்தப் பவுடர்களில் சேர்க்கும் சிட்ருலின் என்ற இன்னோர் அமினோ அமிலம் கல்லீரலின் கையில் சிக்குவதில்லை. சிறுநீரகத்துக்குப் போய் அங்கே ஆர்ஜினினாக மாறுகிறது. ஆகவே ஆர்ஜினின் சாப்பிடுவதைவிடச் சிட்ருலின் சாப்பிட்டால்தான் ரத்தத்தில் ஆர்ஜினின் நன்றாக ஏறும். தர்பூசணியில் இருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பழத்தின் லத்தீன் பெயரே இதற்கும் வந்தது. ஆய்வுகளில் பெரும்பாலும் சிட்ருலினாக 3 முதல் 6 கிராமோ, மாலிக் அமிலத்தோடு சேர்த்த சிட்ருலின் மாலேட்டாக 8 கிராமோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் உண்டு என்று சில ஆய்வுகளும் இல்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. பலன் தெரிந்த இடங்களிலும் அது சிறியதுதான்.

இப்போது அந்தத் தம்பியின் டப்பாவுக்கு வருவோம். லேபிளை போட்டோ எடுத்து வைத்திருந்தார். ஒரு ஸ்கூப்பில் சிட்ருலின் ஒன்றரை கிராம், கஃபீன் 200 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த 6 கிராம் சிட்ருலின் வேண்டுமானால் நான்கு ஸ்கூப் போட வேண்டும். கூடவே 800 மி.கி. கஃபீனும் உள்ளே போகும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கலந்து விற்பதில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். ரத்த ஓட்டத்துக்காக அளவைக் கூட்டுகிறீர்கள், இதயத்தைத் துரத்தும் பொருளும் சேர்ந்தே கூடுகிறது.

அளவு தெரிய ஒரு கணக்கு. ஒரு டம்ளர் காபியில் டிகாஷனைப் பொறுத்து ஏறக்குறைய 80 முதல் 100 மி.கி. கஃபீன் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே வேளையில் 200 மி.கி., நாள் முழுவதுக்கும் 400 மி.கி. வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. தம்பி இரண்டு ஸ்கூப்பில் 400ஐ ஒரே வேளையில் குடித்துவிட்டார். ஐந்து மணிக்கு ஆபீஸில் குடித்த எனர்ஜி ட்ரிங்க் தனி. நம் நாட்டு விதிப்படி அந்தப் பானங்களில் லிட்டருக்கு 300 மி.கி. வரை கஃபீன் இருக்கலாம். 250 மில்லி கேன் என்றால் இன்னொரு 75.

கவனம் கூர்மையாவதும் பெரும்பாலும் கஃபீனால்தான். மூளையில் களைப்பைச் சொல்லும் அடினோசினின் இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போகவில்லை, களைத்திருப்பது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே போனதில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 7 மணிக்கு 400 குடித்தால் நள்ளிரவிலும் 200 மிச்சம். தூக்கம் கெடும், மறுநாள் சோர்வு வரும், அந்தச் சோர்வுக்கு மறுபடியும் ஸ்கூப். இந்தத் தம்பி இரண்டு மாதமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை என்பது பேச்சுவாக்கில்தான் வெளியே வந்தது.

கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு கஃபீன் வெளியேற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரமாகும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரையும் கஃபீனை உடம்பில் தேங்க வைக்கும்.

இந்தப் பவுடர்களில் கஃபீனோடு கூடச் சேர்க்கும் எல்-தியானின் தேயிலையில் உள்ள பொருள். கஃபீனோடு சேரும்போது பதற்றம் சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் உண்டு. இன்னொன்றான டைரோசின் என்ற அமினோ அமிலம், தூக்கம் கெட்ட நாளிலோ கடும் குளிரிலோ வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் உதவியிருக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

பீட்ரூட்டை நான் தனியாகவே சொல்வேன். அதிலும் முளைக்கீரையிலும் நைட்ரேட் அதிகம். நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைச் செய்துகொள்கிறது. ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில் பலன் தெரிந்திருக்கிறது. பயிற்சிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்கள் செத்துப் பலன் குறைந்துவிடும். மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள், பீட்ரூட்டில் ஆக்சலேட் அதிகம்.

இனி, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள், ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுப்பவர்கள், பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோர் சிட்ருலினையோ பீட்ரூட் செறிவையோ தாமாகத் தொடங்கக் கூடாது. எல்லாமே ரத்த அழுத்தத்தை இறக்கும் பக்கம் இழுப்பவை. சேர்ந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழலாம். மறுபக்கம் அதே டப்பாவின் கஃபீன் அழுத்தத்தை ஏற்றும். நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் பிபி மாத்திரையை ஜிம்மிலும் சொல்வதில்லை, பவுடரை என்னிடமும் சொல்வதில்லை.

லேபிளில் யோஹிம்பின் என்று கண்டால் அந்த டப்பாவைத் தவிருங்கள். பதற்றத்தையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் மரப்பட்டைச் சரக்கு அது. டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருள் இன்னும் மோசம். மெதில்ஹெக்சனமின், ஜெரானியம் சாறு என்ற பெயர்களிலும் வரும். 2012 லண்டன் மாரத்தானில் இறுதிக் கோட்டுக்குச் சிறிது தூரம் முன்பு 30 வயதுப் பெண் ஒருவர் விழுந்து இறந்தார். அவர் குடித்த பானத்தில் டிஎம்ஏஏ இருந்ததை மரண விசாரணையில் சுட்டிக்காட்டினார்கள். போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள பொருளும்கூட. தெரியாமல் குடித்தேன் என்றாலும் தண்டனை வரும். பொருட்களின் அளவைத் தனித்தனியாகச் சொல்லாமல் "கலவை" என்று மொத்தமாகப் போட்டிருக்கும் டப்பாவை யாரும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கஃபீன் எவ்வளவு என்று தெரியாமல் எப்படிக் கணக்குப் போடுவது?

அந்தத் தம்பியை இரண்டு மணி நேரம் படுக்க வைத்துக் கவனித்தோம். துடிப்பு 94க்கு இறங்கியது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது பவுடரை நிறுத்தியிருந்தார். ஏழு மணி நேரம் தூங்குவதாகவும், தூக்கும் எடை குறையவில்லை என்றும் சொன்னார்.

தொடர விரும்புகிறவர்கள் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு டப்பாவின் லேபிள் போட்டோவையும் காட்டுங்கள். குடித்தபின் நெஞ்சு இறுக்கமோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்தால் உட்கார்ந்து பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள், என்ன குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.