மூடாத பிரவுசர்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது கொண்டுவந்தால், நான் முதலில் பார்ப்பது பிரவுசரின் வலது மேல் மூலையைத்தான். குரோமில் அப்டேட் வந்து காத்திருந்தால் அங்கே ஓர் அறிவிப்பு தெரியும். நாளாக ஆக அதன் நிறம் பச்சையிலிருந்து ஆரஞ்சாகி, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பாகிவிடும்.

சமீபத்தில் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பில் அது சிவப்பாக இருந்தது. அறுபதுக்கும் மேல் டேப்கள். ஒவ்வொன்றும் நகத்தளவுக்குச் சுருங்கி, எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கடைசியாக எப்போது பிரவுசரை மூடினீர்கள் என்று கேட்டேன். "மூடுறதே இல்ல தம்பி. மடக்கி வச்சுடுவேன். நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அப்டேட் தானாக நடந்துவிடும் என்று எங்களைப் போன்றவர்கள்தான் சொல்லிவந்திருக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. புதிய வெர்ஷன் தானாக இறங்கும், சரி. ஆனால் பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். லேப்டாப்பை மடக்கினால் கம்ப்யூட்டர் தூங்கும், பிரவுசர் மூடாது. புதியது உள்ளே தயாராகக் கிடக்க, அவர் பழையதிலேயே வாரக்கணக்கில் பேங்க் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே ஓடுது" என்பதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பழைய மின்விசிறிக்கு அது பொருந்தும். நேற்று சுற்றியதைப் போலவே இன்றும் சுற்றும். பிரவுசர் விஷயம் வேறு. நீங்கள் எதையும் தொடாமலே அது நாளுக்கு நாள் ஆபத்தாகிக்கொண்டு போகும். காரணம், பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஒவ்வொரு அப்டேட்டும் அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்கும் அடித்தளம் குரோமியம் என்ற பொது நிரல்தொகுப்பு. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருத்தம் வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்பதை விவரம் தெரிந்தவர் பிடித்துவிடுவார். அப்புறம் அவர் தேட வேண்டியது, இன்னும் அப்டேட் செய்யாதவர்களைத்தான்.

2023 செப்டம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறந்து காட்டும் நிரல்தொகுப்பில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. அதற்கென்றே தயாரித்த ஒரு படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தாலே போதும், தாக்குதல் தொடங்கிவிடலாம். எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டாம். குரோமும் பயர்பாக்சும் அடுத்தடுத்த நாட்களில் திருத்தம் வெளியிட்டன. அதற்கு முன்பே ஆட்கள் அந்த ஓட்டையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டிருந்தார்கள். "நான் கண்ட கண்ட தளத்துக்குப் போறதில்லையே" என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விளம்பரப் படங்கள் இல்லாத செய்தித் தளம் ஏது?

இன்னொரு கெடுதலை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பழைய கருவிகளில் ஒரு தளம் அசல்தானா என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பட்டியலும் பழையதாகிவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்குத் தரும் சான்றிதழ்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, பழைய மேக், பழைய ஐபோன்களில் நல்ல தளங்களுக்கே எச்சரிக்கை வந்தது. தினமும் எச்சரிக்கையைப் பார்ப்பவர் என்ன செய்வார்? "பரவாயில்லை, தொடர்" என்பதை அழுத்தப் பழகிவிடுவார். பிறகு ஒருநாள் உண்மையிலேயே போலித் தளம் வரும்போதும் விரல் அதே இடத்துக்குத்தான் போகும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பழக்கம்தான்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அதில் ஓடும் கடைசி குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 வேண்டும். பிரவுசரை மட்டும் புதுப்பித்து இதைச் சரிசெய்ய முடியாது; விண்டோஸையே மாற்ற வேண்டும், அல்லது கம்ப்யூட்டர் மிகப் பழையது என்றால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடலாம். நான் பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அலுவலக மென்பொருள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும் என்பவர்கள், எட்ஜில் இருக்கும், எக்ஸ்ப்ளோரர் போலவே தளத்தைத் திறக்கும் ஐஇ மோடை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-லேயே மைக்ரோசாப்ட் விடை கொடுத்துவிட்டது. ஐபோனில் பிரவுசரின் இயந்திரம் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருவதால் போனையே அப்டேட் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் குரோமையும், ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் சிஸ்டம் வெப்வியூவையும் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கும்போது, "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்திப் புதுப்பியுங்கள்" என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே வந்தால் தொடாதீர்கள். வைரஸை உள்ளே விட இது பலகாலமாக நடக்கும் தந்திரம். அந்த டேப்பை மூடிவிட்டு, பிரவுசரின் மெனுவில் உதவி, அதற்குள் "குரோம் பற்றி" அல்லது "பயர்பாக்ஸ் பற்றி" என்பதைத் திறங்கள். வெர்ஷன் எண் அங்கே இருக்கும், புதியது இருந்தால் அங்கேயே இறங்கும்.

அந்தப் பெரியவர் மறுதொடக்கப் பட்டனை அழுத்தவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேப் எல்லாம் போயிடுமே!" இத்தனை வாரமாக அவர் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுதான். செட்டிங்கில் "விட்ட இடத்திலிருந்து தொடர்" என்பதைத் தேர்வு செய்து காட்டிவிட்டு, அவரையே அழுத்தச் சொன்னேன். பிரவுசர் மூடித் திறந்தது. டேப்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் பேத்தியின் லேப்டாப்பும் இதே மாதிரி மடக்கித்தான் கிடக்கிறது என்றார்.